ராமேஸ்வரம் ஸ்டேஷன் வாசலில் ஷூ பாலிஷ் போட்டவர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி கேட்டிருப்பவர் உச்சிப்புளிப் பக்கம் மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது என்கிறார். சின்ன வயதில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வந்தபோது ஸ்டேஷன் வாசலில் பெட்டியும் பிரஷ்ஷுமாக நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்களாம். இப்போது மாவட்டம் முழுக்க ஒருவரையும் காணோமே, ஏன் என்று கேட்கிறார். கூடவே இன்னொரு வரி: புதிதாக வாங்கிய கறுப்பு ஷூ இரண்டே மாதத்தில் வெள்ளை பூத்துவிட்டது, என்ன பாலிஷ் போட்டாலும் மறுநாள் அந்த வெள்ளை திரும்பி வருகிறது, அந்தக் காலத்து ஆட்களிடம் இதற்கு ஏதாவது ரகசியம் இருந்ததா? முதல் கேள்வி பழைய நினைப்பில் வந்தது. அவரை நிஜமாகப் படுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். இரண்டின் பதிலும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். என் அப்பா அந்தப் பெட்டிக்காரர்களில் ஒருவர். ராமநாதபுரம் ஸ்டேஷனிலும் ராமேஸ்வரம் ஸ்டேஷனிலும் மாறி மாறி உட்கார்ந்தவர். வண்டி இல்லாத நேரத்தில் செருப்புத் தைப்பார், வண்டி வருகிற நேரத்தில் பாலிஷ். பள்ளி விடுமுறையில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிரஷ் பிடித்திருக்கிறேன். பிறகு தோல் தொழில்நுட்பம் படித்து, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் ஃபினிஷிங் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். தோலின் மேல் பூச்சு எப்படி ஏறுகிறது என்பதையும், அது எப்படிக் கெடுகிறது என்பதையும் கிட்ட இருந்து பார்த்தவன். ஸ்வேட், கேன்வாஸ், ஸ்போர்ட்ஸ் ஷூ எல்லாம் என் பாடத்தில் வராது. அவற்றைக் கேட்டால் கையை விரித்துவிடுவேன்.

ராமேஸ்வரம் கோயில் ஊர், கூட்டம் அலைமோதும், அதனால் பாலிஷ்காரருக்கு நல்ல வரும்படி இருந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. அக்னி தீர்த்தத்தில் முங்கி, இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்து, ஈர வேட்டியோடு திரிகிறவருக்கு ஷூ எதற்கு? கடற்கரை மீனவர் வீட்டிலும் ஷூ கிடையாது. அப்பாவுக்குச் சோறு போட்டது ரயில். பாம்பன் ரயில் பாலம் 1914-ல் வந்தது. சாலைப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறந்தார்கள். அதுவரை தீவுக்குள் போகிற அதிகாரி, வக்கீல், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, வியாபாரி எல்லாருக்கும் ரயிலே கதி, ரயிலுக்காகக் காத்திருந்தாக வேண்டும். சும்மா காத்திருக்கிற ஆள்தான் பாலிஷுக்குக் காலை நீட்டுவார். தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோன பிறகு தலைமன்னார்க் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. கொழும்புக்காரர்கள் இஸ்திரி போட்ட காற்சட்டையும் தோல் ஷூவுமாக வந்து இறங்குவார்கள், ஷூவைச் 'சப்பாத்து' என்பார்கள். அப்பாவும் கடைசி வரை சப்பாத்து என்றே சொன்னார். 80-களில் இலங்கையில் போர் மூண்டதும் கப்பல் நின்றது. 1988-ல் பஸ் நேரே தீவுக்குள் நுழைந்ததும் ஸ்டேஷனில் காத்திருக்கும் கூட்டமும் கரைந்தது. அப்பாவின் வரும்படி எப்போது படுத்தது என்று எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் பாலம் திறந்த வருஷத்தைச் சொல்வார்கள். பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை ராமேஸ்வரத்துக்கு வண்டியே வரவில்லை. அதனால்தான் பெட்டிக்காரர்கள் போய்விட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை. அதற்கு வெகு முன்பே போய்விட்டார்கள்.

இவ்வளவும் கண்ணால் கண்டது. அடுத்தது தொழிற்சாலையில் கற்றது, அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஷூவின் தோலே மாறிவிட்டது. முன்பு நல்ல ஷூவுக்குத் தோலின் மேல்பரப்பை அப்படியே விட்டு, மெல்லிய பூச்சு ஒன்று கொடுப்பார்கள். அதன் நுண்துளைகளில் மெழுகு இறங்கும், பாலிஷ் போடுவதற்கு அர்த்தம் இருந்தது. இப்போது விலை குறைந்த ஷூவுக்கு வருகிற தோலில் முள் கீறல், உண்ணிக் கடி, சூடு போட்ட தழும்பு எல்லாம் இருக்கும். மேல்பரப்பை உப்புத்தாள் மாதிரியான தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, நிறத்தை அக்ரிலிக்கோ பாலியூரித்தேனோ கலந்து தடிமனாக ஏற்றி, சூடான தகட்டால் அழுத்திப் பொய்யான தோல் ரேகையை அச்சடிப்போம். அடிப்போம் என்றே சொல்கிறேன், நானும் அடித்தவன். அந்த ஷூவைத் தடவினால் கையில் படுவது பெயிண்ட். மெழுகு இறங்க அங்கே வழி கிடையாது. பள்ளிப் பிள்ளைகளின் கறுப்பு ஷூவில் பெரும்பாலானவை ரெக்சின் அல்லது பி.வி.சி., தோலே இல்லை. உங்களுடையது எந்த ரகம் என்று பார்க்க வேண்டுமா? மேல்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மேலே விட்ட சொட்டு கொஞ்ச நேரத்தில் உள்ளே இழுத்துக் கறுத்தால் பாலிஷ் வேலை செய்யும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால், ஈரத் துணியால் துடைப்பதே போதும்.

அப்பாவின் கடைசிக் காலத்தில் இப்படிப்பட்ட ஷூதான் அதிகம் வந்தது. ஷூவை வாங்கி விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத் துணி போதும் சார், காசு வேணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படி மூன்று பேரில் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினால் பிழைப்பு எப்படி நடக்கும் என்று நான் கத்தியிருக்கிறேன். பூசினால் நாளைக்கு வெடிக்கும், அதுக்கு நானா பேர் வாங்கணும் என்பார்.

இப்போது உங்கள் வெள்ளைக்கு வருகிறேன். தோலில் வெள்ளை பூப்பது மூன்று காரணத்தால். ஒன்று உப்பு. இரண்டு பூஞ்சை, ஐப்பசி கார்த்திகை மழையில் பீரோவுக்குள் வைத்தால் வருவது. மூன்று, தோல் பதனிடும்போது ஊட்டிய எண்ணெயில் இருக்கிற கொழுப்பு மேலே வந்து உறைவது. பார்க்க மூன்றும் ஒன்றுபோல இருக்கும், மருந்து வேறு வேறு. ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்து இலேசாகச் சூடு காட்டினால் கொழுப்பு உருகி மறைந்துவிடும். பூஞ்சை விரலில் ஈஷிக்கொள்ளும், முடை நாற்றம் இருக்கும். உப்பு சூட்டுக்கு அசையாது, ஈரத் துணிக்கு உடனே மறையும், காய்ந்ததும் திரும்பி வரும். நீங்கள் சொல்வது உப்பு என்பதில் எனக்கு ஐயமே இல்லை, 'மறுநாள் திரும்பி வருகிறது' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஹேர் டிரையர் எல்லாம் ஃபாக்டரிக்குப் போன பிறகு நான் கற்றது. அப்பா என்ன செய்வார் தெரியுமா? ஷூவின் மடிப்பில் ஆள்காட்டி விரலால் அழுத்தித் தேய்ப்பார், அந்த விரலை நாக்கு நுனியில் வைப்பார். ஊரார் காலில் கிடந்த ஷூ. ஏழாவது படிக்கும்போது முதல் தடவை அதைக் கவனித்து, அன்று முழுக்க அவர் கையால் எதையும் வாங்கித் தின்னவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வண்டி வந்ததும் இன்னொரு ஷூ, அதே விரல், அதே நாக்கு. "உப்பு" என்று எனக்குக் கேட்கிற மாதிரி மட்டும் சொன்னார்.

உப்பு ஏன் இப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்றால், சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். நம் கரையில் ராத்திரி அப்படித்தான் கரைந்து தோலுக்குள் இறங்கும். மதியம் வெயிலில் காய்ந்து மறுபடி படிகமாகும், மேல்பூச்சை உள்ளிருந்து நெம்பும். தினமும் இதே கதை. இதன் மேல் பாலிஷைப் பூசினால் உப்பை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. உங்கள் ஷூ மடிப்பில் வெடிக்கத் தொடங்கியிருந்தால் காரணம் இதுதான். கடல்தண்ணீரில் கால் வைக்காமலே உப்பு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கடற்காற்றில் வருவது கொஞ்சம், உங்கள் வியர்வையில் இருப்பது கொஞ்சம். மூன்றாவது, நீங்கள் துடைக்கிற தண்ணீர்.

இந்த மூன்றாவதில்தான் நீங்கள் கேட்ட ரகசியம் இருக்கிறது. நம் பக்கம் போர்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. அதில் துணியை நனைத்து உப்பைத் துடைத்தால் என்ன ஆகும்? அப்பாவின் பெட்டியில் நெளிந்த அலுமினியக் குடுவை ஒன்று இருக்கும், அதில் ஊருணித் தண்ணீர். அம்மா ஊருணிக்கு இரண்டு நடை நடந்து கொண்டுவருகிற குடத்திலிருந்து காலையில் முதல் வேலையாகக் குடுவையை நிரப்பிக்கொள்வார். "புள்ளைக்குக் குடிக்கத் தண்ணியில்ல, சப்பாத்தைக் குளிப்பாட்டப் போறீகளாக்கும்" என்று அம்மா தினமும் கேட்பாள். கொழும்புச் சொல் எங்கள் அடுப்படி வரை வந்துவிட்டது. மற்றப் பெட்டிக்காரர்கள் ஸ்டேஷன் குழாயில் பிடித்துக்கொள்வார்கள். அப்பாவிடம் போட்ட பாலிஷ் ஒரு வாரம் நிற்கிறது என்று பெயர் வாங்கியதற்கு அந்தக் குடுவையே காரணம் என்று நான் வேலைக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கு அது எப்போதும் தெரிந்திருந்தது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: லேஸைக் கழற்றுங்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்து, துணியைப் பிழிந்த ஈரத்தில் முழு ஷூவையும் ஒரே சீராகத் துடையுங்கள். கறை இருக்கிற இடத்தை மட்டும் துடைத்தால் அந்த ஈரத்தின் ஓரத்தில் புதுக் கோடு விழும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில், ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி. மறுநாள் வெள்ளை வந்தால் மறுபடி அதே துடைப்பு. மூன்று நாள்கூட ஆகலாம், வெள்ளை வராத நாள் வரை பாலிஷ் டப்பாவைத் திறக்காதீர்கள். வினிகர் கலந்து துடைக்கச் சொல்கிறார்கள். சாப்பாட்டு உப்பு வெறும் தண்ணீரிலேயே நன்றாகக் கரையும், இங்கே வினிகர் கூடுதலாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. இலேசாகக் கலந்தால் கெடுதலும் பார்த்ததில்லை. வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், தோல் விறைத்துப்போகும்.

வெள்ளை நின்றதும் ஷூ கிரீம் கொஞ்சம் தடவி ஊற விடுங்கள், அது தோலுக்குப் போன எண்ணெயைத் திருப்பித் தருவது. அதன் மேல்தான் டப்பா மெழுகு பாலிஷ். செர்ரி பிளாசமோ கிவியோ (இரண்டுமே 1906-ல், ஒன்று லண்டனிலும் இன்னொன்று மெல்போர்னிலும் பிறந்தவை) உள்ளே இருப்பது மெழுகும், அதைக் கரைத்து வைக்கிற டர்பன்டைன் போன்ற கரைப்பானும், நிறமும். இந்த வகைப் பாலிஷில் கெட்டியான மினுக்கம் தருவது கார்னோபா மெழுகு, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து உதிர்த்து எடுப்பது. வறட்சியில் ஈரம் போகாமலிருக்க அந்த மரம் ஓலை மேல் பூசிக்கொள்ளும் மெழுகு அது. நம் பனைக்குத் தூரத்துச் சொந்தம். அதைச் சொன்னபோது, அப்ப நம்ம ஓலையில ஏன்டா வரல என்று அப்பா கேட்டார்.

பூசி உடனே தேய்க்கக் கூடாது. கரைப்பான் ஆவியாகப் பத்து நிமிஷம் விட வேண்டும், மெழுகு மங்கலாகத் தெரிய வேண்டும். பிறகு குதிரைமயிர் பிரஷ், அழுத்தாமல் வேகமாக. கடைசியில் பழைய பனியன் துணியை இரண்டு விரலில் இறுக்கிச் சுற்றி, முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர், இம்மி பாலிஷ், சின்னச் சின்ன வட்டமாக. ஒவ்வொரு சுற்றிலும் மெழுகு தோலின் பள்ளங்களை நிரப்பிக்கொண்டே போகும். மேடு பள்ளம் இருக்கும் வரை வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும், சமமானதும் கண்ணாடியாகத் திருப்பித் தரும். தண்ணீரின் வேலை, துணி மெழுகில் ஒட்டி அதை உரித்துவிடாமல் காப்பது. போலீஸ், பட்டாளத்தில் எச்சில் தொட்டு இதே வேலையைச் செய்வார்கள், எச்சிலில் தனி மகிமை இருக்கிறது என்றும் சொல்வார்கள். தண்ணீரில் வராத எதுவும் எச்சிலில் வந்து நான் கண்டதில்லை. இந்த மினுக்கத்தை மூக்குப் பகுதியிலும் குதிங்கால் பகுதியிலும் மட்டும் ஏற்றுங்கள். நடக்கும்போது மடிகிற இடத்தில் ஏற்றினால் தகடு தகடாக உடையும்.

தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். அன்றைக்குப் பளபளக்கும், மறுநாளிலிருந்து மண்ணை எல்லாம் சேர்த்துக்கொள்ளும். இழுத்துவிட்டுப் போகிற ஸ்பாஞ்ச் பாலிஷில் இருப்பது சிலிகான் எண்ணெய், அவசரத்துக்கு ஆகும், தோலுக்கு ஒன்றும் தராது. இன்னொன்று, கீழக்கரைப் பக்கம் அடிக்கடி பார்ப்பது: வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஷூவைப் பெட்டியோடு பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார்கள், இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் சோல் புட்டு மாதிரி உதிரும். ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். அது பாலியூரித்தேன் சோல், காற்றின் ஈரமே அதை உள்ளுக்குள் முறித்துவிடும். சும்மா வைப்பதைவிட அப்போதைக்கப்போது போட்டு நடப்பது நல்லது. உதிரத் தொடங்கிவிட்டால் பசை வைத்துப் பயனில்லை, சோலையே மாற்ற வேண்டியதுதான்.

முதல் கேள்விக்குப் பதில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. ரயில், பாலம், ரெக்சின் எல்லாம் காரணம். ஆனால் அவை மட்டும் இருந்திருந்தால் பத்துப் பேரில் இரண்டு பேராவது மிஞ்சியிருப்பார்கள். நாங்கள் அருந்ததியர். இந்தத் தொழிலை யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்து வரவில்லை. எனக்கு ஒரு மத்தியானம் மறக்காது. பெட்டியின் கட்டை மேல் காலை வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் ஒருவர். ஒரு கால் முடிந்தது. அடுத்த காலை மாற்றி வைத்தவர், ஆரம்பிக்கச் சொல்லி வாயைத் திறக்கவில்லை, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஷூ நுனியால் அப்பாவின் கையை இரண்டு தட்டுத் தட்டினார். அப்பா வேலையை முடித்தார், எட்டணாவை வாங்கிக்கொண்டார். ராத்திரி சாப்பிடும்போது, நீ பிரஷ்ஷைத் தொட்டது போதும், நாளையிலிருந்து வராதே என்றார். எங்கள் தெருவில் அந்த வயதுப் பையன்களுக்கு ஏறக்குறைய எல்லா அப்பாக்களும் ஏதோ ஒரு ராத்திரி இதைச் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். யாரையும் உட்கார வைத்துக் கேட்டதில்லை. என் அக்கா மகள் 2009-ல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டில் நர்சிங் சேர்ந்தாள். அவளுக்குக் குதிரைமயிர் பிரஷ் எது, நைலான் பிரஷ் எது என்று தெரியாது. அதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. கலை அழிகிறதே என்று உச்சுக் கொட்டுகிறவர்களோடு என்னால் சேர்ந்துகொள்ள முடிவதில்லை.

மிச்சம் இருக்கிறவர்களுக்கு உதவி இல்லாமல் இல்லை. தெருவோர வியாபாரிகளுக்கு 2020-ல் கொண்டுவந்த கடன் திட்டத்தில் செருப்புத் தைப்பவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். கடன் வாங்கி நல்ல பிரஷ் வாங்கலாம், பாலிஷ் ஏறுகிற ஷூவை யார் போட்டுக்கொண்டு வருவார்கள் என்பது வேறு கேள்வி.

மாவட்டம் முழுக்க ஒருவரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது மட்டும் சரியில்லை. பாலிஷ் பெட்டியைத் தேடினால் கிடைக்காது. குடையும் குத்தூசியும் வைத்துச் செருப்புத் தைக்கிறவரைத் தேடுங்கள். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இன்னும் இருக்கிறார்கள், அறுபது வயதுக்கு மேற்பட்டவராக இருந்தால் பாலிஷ் கட்டாயம் தெரிந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் போங்கள். கையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும், ஒரு பாட்டில் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு, ஷூவைக் கழற்றிக் கையில் கொடுங்கள்.